அங்கன்வாடி: கர்ப்பகாலப் பதிவிலிருந்து ஒன்றாம் வகுப்பு வரை முழுமையான வழிகாட்டி

அங்கன்வாடி என்றால் மூன்று வயதுக் குழந்தையை மதியம் வரை உட்கார வைக்கும் இடம் என்றே பலர் நினைக்கிறார்கள். குழந்தைக்கு மூன்று வயதாகும்போதுதான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். அதற்குள் தாய்க்குரிய சத்துணவும், குழந்தையின் முதல் இரண்டு ஆண்டுச் சத்துமாவும், இருபது முப்பது மாத எடைக் கணக்கும் கைவிட்டுப் போயிருக்கும். போனதைத் திரும்பக் கேட்டு வாங்க முடியாது. அதனால்தான் இந்த வழிகாட்டி கர்ப்பத்திலிருந்து தொடங்குகிறது. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதப்பட்டது. பெற்றோருக்கும், தெருவில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவ முன்வரும் மகளிர் குழுவினருக்கும் பயன்படும்.

1. யாருக்கு உரிமை

கர்ப்பிணிகள், குழந்தை பிறந்து ஆறு மாதம் வரையுள்ள தாய்மார்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு. வருமான வரம்பு கிடையாது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உணவைச் சட்டப்படியான உரிமையாக்கியிருக்கிறது.

வருமானச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து பதிவைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம். பதிவுக்கு அது தேவையே இல்லை. ரேஷன் கார்டு எந்த நிறம், சாதிச் சான்று இருக்கிறதா என்ற கேள்விகளுக்கும் இங்கே இடமில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள், வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் குடியிருக்கும் பகுதியின் மையத்தில் பதியலாம்.

2. போகும் முன் எடுத்துக்கொள்ள வேண்டியவை

தாயின் ஆதார், செயல்பாட்டில் உள்ள கைபேசி, கர்ப்பகாலத்தில் செவிலியர் தரும் தாய் சேய் நல அட்டை, குழந்தை பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழ். இவ்வளவு போதும்.

கைபேசி எண்ணைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். பதிவுகள் இப்போது அங்கன்வாடிகளுக்கான மத்திய அரசின் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் ஏறுகின்றன. வீட்டுக்குக் கொடுக்கும் உணவை வாங்கும்போது முகத்தைப் படம் பிடித்து ஆதாருடன் ஒப்பிடுகிறார்கள். அந்தச் சரிபார்ப்பின்போது வரும் ஓ.டி.பி. ஆதாரில் இணைத்த எண்ணுக்குத்தான் போகும். பழைய சிம் தொலைந்திருந்தால், மையத்துக்குப் போவதற்கு முன்பே ஆதார் மையத்தில் எண்ணை மாற்றிவிடுங்கள். கணவரின் எண் இணைந்திருந்தால், அவர் வேலையிலிருக்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

அடுத்தது பெயர். ஆதாரில் தகப்பனார் இனிஷியலும், மருத்துவமனைச் சீட்டில் கணவர் இனிஷியலும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். ஆனால் வங்கி, ஆதார், மருத்துவமனைப் பதிவு மூன்றிலும் ஒரே எழுத்து இல்லையென்றால் மகப்பேறு உதவித்தொகை நடுவழியில் நிற்கும். எல்லாவற்றிலும் ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

ஆதார் இல்லாத குழந்தைக்கு உணவு இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. ஆதார் எண்ணைத் தர முடியவில்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பலனை மறுக்கக் கூடாது என்று 2018 ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது.

3. கர்ப்பம் உறுதியானதும்: இரண்டு இடத்தில் பதிவு

முதல் பதிவு சுகாதாரத் துறையில். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் 12 இலக்க எண் ஒன்று தருவார். பிக்மி எண் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இது தேவை. 12 வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இதுதான் வாசல்: மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாகவும் மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். பணம் தாயின் பெயரிலுள்ள கணக்குக்கே போகும். கணவர் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வீண்.

இரண்டாவது பதிவு அங்கன்வாடியில். இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். "நர்ஸம்மாகிட்ட எழுதியாச்சு" என்பதோடு நின்றுவிடுவார்கள். செவிலியரின் பதிவேடு வேறு, அங்கன்வாடி டீச்சரின் பதிவேடு வேறு. ஒன்றில் எழுதினால் மற்றதில் தானாக ஏறிவிடும் என்று நம்பக் கூடாது. அங்கன்வாடியில் பெயர் ஏறிய பிறகுதான் கர்ப்பிணிக்குரிய சத்துமாவு வரும். நாளொன்றுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பது அதற்கான அளவு. வீட்டுச் சாப்பாட்டுக்கு மேல் என்பதைக் கவனியுங்கள். சத்துமாவு சாப்பிட்டாயிற்று என்று ஒரு வேளைச் சோற்றைக் குறைத்தால் பயனில்லை.

தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போவதாக இருந்தால் டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஏன் என்பது 9ஆம் பகுதியில் வரும்.

4. பிறந்த முதல் ஆறு மாதம்

21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே செய்துவிடுவார்கள். பெயர் வைக்காமலே சான்றிதழ் வாங்கியிருந்தால் ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். தள்ளிப்போட்டால் பள்ளியில் சேர்க்கும் வருடத்தில் அலைச்சல்.

குழந்தையின் பெயரையும் பிறந்த எடையையும் மையத்தில் அப்போதே எழுதச் சொல்லுங்கள். இந்த ஆறு மாதமும் உணவு தாய்க்கு, குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். தண்ணீரும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம்.

ஆறாம் மாதம் முடியும் நாளில் தாயின் உரிமை முடிகிறது, குழந்தையின் உரிமை தொடங்குகிறது. பதிவேட்டில் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குப் பெயர் மாற வேண்டும். பலருக்கு இந்த இடத்தில்தான் ஒன்றிரண்டு மாதச் சத்துமாவு விட்டுப்போகிறது. அந்த வாரமே ஒரு நடை போய் "குழந்தை பேர் மாத்தியாச்சா டீச்சர்?" என்று கேட்டுவிடுவது நல்லது.

இரண்டு பெண் குழந்தைகள் மட்டும் உள்ள குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்துக்கு இரண்டாவது குழந்தைக்கு 3 வயது ஆகும் முன் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே பெண் குழந்தை என்றால் அவளுக்கு 3 வயது ஆகும் முன். இதற்கு வருமான வரம்பும் உண்டு, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. தேதி தாண்டினால் மனு ஏற்கப்படாது.

5. ஆறாம் மாதம்: சத்துமாவைக் கொடுக்கும் முறை

மாவில் வெல்லம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. மேலும் சர்க்கரை போட வேண்டாம். பாக்கெட்டைப் பிரித்ததும் ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடி வையுங்கள். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மாவு கட்டிபட்டு வண்டு பிடிக்கும். வாங்கும்போதே தேதியைப் பாருங்கள்.

கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், உள்ளே வேகாது. முதலில் ஆறிய தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பில் வைத்துக் கிளறிக் கெட்டியாகும் வரை வேகவிடுங்கள். இறக்கும்போது அரை டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ சேருங்கள். குழந்தையின் வயிறு சிறியது, கொஞ்சம் சாப்பிட்டாலும் சக்தி போதுமானதாக இருக்க அது உதவும்.

பதம்தான் முக்கியம். கரண்டியைச் சாய்த்தால் கூழ் மெதுவாக நழுவி விழ வேண்டும், ஒழுகக் கூடாது. பால் புட்டியில் ஊற்றிக் குடிக்கிற அளவுக்கு நீர்க்கக் கரைத்தால் வயிறு தண்ணீரால் நிறையும், எடை ஏறாது. எடை ஏறாத குழந்தைகளின் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கூழின் பதத்தைத்தான்.

ஆரம்பத்தில் வேளைக்கு 2, 3 மேசைக்கரண்டி, நாளுக்கு 2, 3 முறை. எட்டாம் மாதத்துக்குள் வேளைக்கு அரைக் கிண்ணம். ஒன்பதாம் மாதத்திலிருந்து 3, 4 வேளை, இடையில் பழம், முட்டை, பருப்புச் சாதம். கிண்ணம் என்பது 250 மி.லி. கொள்வது.

குழந்தைக்கான பாக்கெட்டை வீட்டில் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. பசியுள்ள வீட்டில் அண்ணனைப் பார்க்க வைத்துவிட்டுத் தம்பிக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாய்க்கும் மனம் வராது. அவரைக் கடிந்துகொள்ளாமல், அண்ணனுக்கும் ஆறு வயதுக்குள் என்றால் அவன் பெயரும் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் இருக்காது.

6. மாதாமாதம் எடை, உயரம்

அங்கன்வாடி தருவதில் மிகப் பயனுள்ளது இதுதான், மிகக் குறைவாகக் கேட்டு வாங்கப்படுவதும் இதுதான். சாப்பாடு போதுகிறதா, நோய் உள்ளே இருக்கிறதா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எடைக் கோடு சொல்லிவிடும்.

எடை பார்க்கும்போது: தராசு சமமான சிமென்ட் தரையில் இருக்க வேண்டும், பாயின் மேலோ மண்ணிலோ அல்ல. முள்ளோ எண்ணோ பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே குழந்தையை வைக்க வேண்டும். ஈர ஜட்டி, கொலுசு, அரைஞாணில் கோத்த தாயத்துக்கொத்து எல்லாம் கழற்ற வேண்டும். சிறு குழந்தைக்கு 200 கிராம் வித்தியாசம் என்பது ஒரு மாத வளர்ச்சியையே மறைத்துவிடும்.

உயரம்: 2 வயது வரை படுக்க வைத்து நீளம், 2 வயதுக்கு மேல் நிற்க வைத்து உயரம். இரண்டும் ஒன்றல்ல, நின்றால் சுமார் 0.7 செ.மீ. குறையும். படுக்க வைத்து அளக்க இருவர் வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்திப் பாதப் பலகையை நகர்த்த வேண்டும். ஆயா அடுப்படியில் இருந்தால் நீங்களே தலைப் பக்கம் பிடியுங்கள். குழந்தையும் அழாமலிருக்கும். கொண்டையும் கிளிப்பும் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

வயதை முடிந்த மாதத்தில் சொல்லுங்கள். "ஒரு வயசு இருக்கும்" என்றால் கணக்கு தவறும். தேதி அட்டையில் இருக்கிறது.

எண்ணைக் கேட்டு வாங்கி, தாய் சேய் நல அட்டையின் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு ஓரமுள்ள பக்கம், ஆண் குழந்தைக்கு நீல ஓரம். பக்கம் மாறினால் கணிப்பும் மாறும்.

புள்ளி எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைவிட, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள். ஒரு பெண் குழந்தை 9ஆம் மாதம் 8.2 கிலோ. அந்த வயதுக்கு நடு அளவு அது. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் மாதங்களிலும் அதே 8.2. புள்ளி இன்னும் பச்சையில்தான் இருக்கும், ஏனென்றால் ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு 7 கிலோவுக்குக் கீழே போனால்தான் நிறம் மாறும். ஆனால் மூன்று மாதமாக அந்தக் குழந்தை வளரவில்லை. மஞ்சளுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறவில்லை என்றாலே செவிலியரிடம் காட்டுங்கள்.

7. கடும் எடைக்குறைவு என்றால்

கைச் சுற்றளவு நாடாவை நீங்களும் படிக்கத் தெரிந்துகொள்ளலாம். 6 மாதம் முதல் 5 வயது வரை பயன்படும். இடது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோள் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் சுற்ற வேண்டும். தோலை அழுத்தக் கூடாது, இடைவெளியும் விடக் கூடாது. 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு: கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. 11.5 முதல் 12.5 வரை மஞ்சள்.

இரண்டு பாதத்திலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். பள்ளம் அப்படியே நின்றால் அது வீக்கம். எடை சரியாகத் தெரிந்தாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனை. நீர்கோத்த எடையைப் பார்த்து "தேறிட்டான்" என்று மகிழ்ந்துவிடுவது உண்டு.

கடும் குறைபாடு இருந்து, காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு எதுவுமில்லாமல் நன்றாகச் சாப்பிடும் குழந்தையை வீட்டிலேயே தேற்றலாம். இதற்காக 2022இல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில் 56 நாட்களுக்குச் சிறப்பு உணவு தரப்படுகிறது. அதை மருந்தாக நினையுங்கள், பங்கு போடாதீர்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுங்கள், கூடவே குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். குழந்தை அதைத் தொடவே மறுத்தால் அடம் என்று விட்டுவிடக் கூடாது. பசி செத்துப்போவது ஆபத்தின் அறிகுறி, உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருக்கலாம்.

6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கு நாளுக்கு 500 கலோரி என்பது பொது அளவு. கடும் குறைபாடுள்ள குழந்தைக்கு 800 கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். சாதாரணப் பங்கையே கொடுத்துக்கொண்டிருந்தால் கேளுங்கள்.

8. இரண்டு வயது முடிந்ததும்: மையத்துக்கு அனுப்புவது

தமிழ்நாட்டில் 2 வயது முடிந்தால் முன்பருவக் கல்விக்குச் சேர்த்துக்கொள்வார்கள். சூடான மதிய உணவும் வாரம் மூன்று முட்டையும் உண்டு.

முதல் நாளே விட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஒரு மணி நேரம் கூடவே உட்காருங்கள். அடுத்த சில நாள் வாசலில் இருங்கள். பிறகு "சாப்பிட்டதும் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, சொன்னபடி வந்துவிடுங்கள். கண்ணை மறைத்து நழுவினால் அடுத்த நாள் மையத்தின் தெருவுக்குள் நுழையும்போதே அழுகை தொடங்கும். சிறுநீர், மலம் வந்தால் உங்கள் குழந்தை என்ன வார்த்தை சொல்லும் என்பதை ஆயாவிடம் சொல்லிவையுங்கள். சின்ன விஷயம், ஆனால் முதல் வாரத்தில் நனைந்த உடுப்போடு உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் பலர் இதனால்தான்.

பன்னிரண்டு மணிக்குத் தட்டோடு கொண்டுவந்து சாப்பிட வைத்துக் கூட்டிப்போவது பெரிய இழப்பு. பாட்டு, கதை, மணி கோப்பது, மண்ணில் வரைவது, வரிசையில் நிற்பது எல்லாம் காலையில்தான் நடக்கின்றன. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் மாதத்துக்கு ஒரு கருப்பொருள் என்று போகிறது. விட்டுவிட்டு வரும் குழந்தைக்குத் தொடர்ச்சி கிடைக்காது. இங்கே எழுத்து எழுத வைக்கவில்லையே என்று தனியார் நர்சரிக்கு மாற்றுகிறவர்களுக்கு ஒன்று: மூன்று வயது விரல்கள் பென்சிலுக்குத் தயாராவது மாவு பிசைவதிலும் மணி கோப்பதிலும்தான்.

அரசு மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை மையத்துக்கு வந்து கண், காது, இதயம், வளர்ச்சித் தாமதம் பார்க்கும். அந்தத் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று நீங்களும் போங்கள். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, அடிக்கடி மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் சில நிமிடச் சோதனையில் மருத்துவருக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும். மாவட்டத்திலுள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சை இலவசம்.

வைட்டமின் ஏ சொட்டு 9ஆம் மாதம் தொடங்கி 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மொத்தம் 9 தவணை. குடற்புழு மாத்திரை 1 வயதிலிருந்து: 2 வயதுக்குள் அரை மாத்திரை, பிறகு முழு மாத்திரை. சிறு குழந்தைக்கு எப்போதும் பொடித்துத் தண்ணீரில் கலந்தே கொடுக்க வேண்டும், முழுதாகப் போட்டால் தொண்டையில் சிக்கும்.

9. ஊர் மாறும்போது

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்களின் குழந்தைகள் இங்கேதான் கணக்கிலிருந்து காணாமல் போகிறார்கள். பழைய மையத்தில் பெயர் இருக்கும்வரை புதிய மையத்தில் பதிவு ஏறாது. கிளம்பும் முன் டீச்சரிடம் சொல்லி, செயலியில் இடமாற்றம் போடச் சொல்லுங்கள். வேறு மாநிலத்துக்குக்கூட மாற்றலாம். தாய் சேய் நல அட்டையைத் துணிமூட்டையில் அல்ல, கைப்பையில் வையுங்கள்.

10. கிடைக்காவிட்டால் யாரிடம் கேட்பது

முதலில் டீச்சரிடம். மாவு வரவில்லை என்றால் பெரும்பாலும் அது வண்டி வராத சிக்கல். டீச்சரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, நாளைக்கும் உங்கள் குழந்தை அவர் மடியில்தான் உட்காரும். அடுத்து மேற்பார்வையாளர், பிறகு வட்டாரத்தின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், பிறகு மாவட்டத் திட்ட அலுவலர். அதற்கும் அசையவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் நாள் அல்லது முதலமைச்சரின் உதவி எண் 1100.

மனுவில் "சரியாகத் தருவதில்லை" என்று எழுதினால் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் பெயர், மையத்தின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எது வரவில்லை என்று எழுதுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். உணவு தரப்படாவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புத் தொகை கேட்கும் உரிமையைத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு தருகிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டால் கவனம் கிடைக்கும்.

மையமே இல்லாத குடியிருப்பா? ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தால் கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வீடுவீடாகப் போய்ப் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கையெழுத்தோடு பட்டியல் எடுங்கள். பட்டியல் இல்லாத கோரிக்கை நகராது.

11. பள்ளிக்குப் போகும் முன்

மையத்தை விடும்போது முன்பருவக் கல்வி நிறைவுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். 5 வயதில் போட வேண்டிய டி.பி.டி. ஊக்கத் தடுப்பூசி பலருக்கும் விட்டுப்போகிறது. ஒன்றரை வயது ஊசியோடு எல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்புதான் காரணம். 5 வயதானதும் ஆதாரில் கைரேகை, கண் பதிவையும் புதுப்பிக்க வேண்டும்.

சில அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் நடக்கின்றன. 2019இல் இப்படி 2,381 மையங்களில் தொடங்கினார்கள். உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்ததும் மதிய உணவோடு காலை உணவும் கிடைக்கும். சேர்க்கும் நாளில் வளர்ச்சி வரைபடமுள்ள தாய் சேய் நல அட்டையின் நகலை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவையுங்கள். எடை குறைந்திருந்த, மருத்துவக் குழு பரிந்துரைத்த குழந்தை என்றால் அசலையும் காட்டி நேரில் சொல்லிவிடுங்கள்.